கடைசி லேத் நிக்கிற சத்தம்

அந்த மெஷின் சத்தத்தைக் கேக்கவா கோயம்புத்தூர்லேர்ந்து வந்தீங்க? உக்காருங்க மேடம். அந்த நாற்காலி வேணாம், அது கண் டெஸ்ட் பண்றதுக்கு, சாய்ஞ்சுக்கும். இதுல உக்காருங்க.

நிகழ்ச்சிக்குக் கூப்பிடத்தான் வந்தேன், மெஷினைப் பாக்கறது சும்மா ஒரு ஆசைங்கறீங்க. சரி. வீடியோவுல நான் பேசினதைக் கேட்டிருக்கீங்க. 'என் கடையில லென்ஸ் தீட்டுற மெஷின் ஒண்ணு இருக்கு. வேலை முடிஞ்சு அது மெதுவா சுத்திச் சுத்தி நிக்கிறப்ப ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைத்தான் கிடார்ல முடிவா வாசிச்சேன்'னு சொல்லியிருப்பேன். நல்லாத்தான் சொல்லியிருக்கேன் இல்ல? திரும்பக் கேக்கறப்ப எனக்கே நம்பிடலாம்னு தோணுது.

இதோ, இதுதான் மெஷின். போடறேன் பாருங்க. ஆங்... இப்ப நிறுத்தறேன்.

கேட்டுச்சா? டக்குனு நின்னுடுச்சு. மெதுவாவும் சுத்தலை, ஒரு சத்தமும் வரலை. ஏழு வருஷமா இது இப்படித்தான் நிக்குது. வேணா இன்னொரு தடவை போடறேன். வேணாமா? சரி.

பொய்தான் மேடம். மெஷின் கதை பொய். இதுவரைக்கும் ஒருத்தரும் நேர்ல வந்து மெஷினைக் காட்டுன்னு கேட்டதில்லை. நீங்கதான் முதல் ஆள். வாசல்ல நின்னு 'மூர்த்தி சார், அந்த மெஷினை ஒரு தடவை கேக்கணும்'னீங்க பாருங்க, கையில இருந்த வேலையை அப்படியே வச்சுட்டேன். ரெண்டு மாசமா சரியாத் தூக்கமில்லை. உங்ககிட்டயாவது சொல்லிடறேன். நீங்க வெளியூரு. டீ சொல்லட்டுமா? சொல்லிட்டேன், வரும்.

நாங்க நாலு பேர். நாலு பேருக்கும் பொழைப்பு வேற, கிடார் ஆசைக்கு. நான் கண்ணாடிக்கடை. டெரன்ஸ் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். ஷாஹிதா பல் டாக்டர். நாலாவது அருமைநாயகம், ரயில்வே ஒர்க்ஷாப்புல லேத் ஓட்டறவர், இரும்பைச் சுத்த விட்டுக் கடையற மெஷின். திருச்சியில ஜாஸ் கிடார் வாசிக்கிறவங்க இந்த நாலு பேர்தான்னு நாங்களா சொல்லிக்குவோம். வேற யாராவது இருந்தா மன்னிச்சுக்கணும்.

எங்களுக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு. மாசத்துக்கு ஒரு டியூன். டெரன்ஸ் அதோட பின்னணியை மட்டும் வாசிச்சு வாட்ஸ்அப் குரூப்ல போடுவார். நாங்க அவங்கவங்க வீட்ல உக்காந்து அது மேல சொந்தமா வாசிச்சு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள குரூப்ல போட்டுடணும். ஒரே தடவை வாசிக்கணும், வந்தது வந்தபடி போடணும். திருத்தக்கூடாது. அது எங்க சட்டம்.

உங்களுக்கு ஜாஸ் அவ்வளவாத் தெரியாதுன்னீங்க, அதனால சொல்றேன். கச்சேரியில ஸ்வரம் போடுவாங்க இல்ல, அந்த மாதிரின்னு வச்சுக்கங்க. முதல்ல எல்லாரும் சேர்ந்து டியூனை வாசிப்போம். அப்புறம் ஆளுக்கு ஒரு சுத்து. ஒரு சுத்துன்னா ஏறக்குறைய ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷமும் அவருக்குத்தான் சொந்தம், அந்த நேரத்துல மனசுக்கு வர்றதை வாசிக்கணும். மத்தவங்க பின்னால கார்டு மட்டும், அதாவது நாலஞ்சு கம்பியைச் சேர்த்து மீட்டறதை மட்டும், போட்டுத் தாங்கணும். எழுதி வச்சு வாசிக்கிறது இல்லை. எழுதி வச்சு வாசிச்சா அதுல என்ன இருக்கு?

இதை நான் அடிக்கடி சொல்வேன். அருமையை வச்சுத்தான் சொல்வேன்.

அருமைக்கு அந்த நேரத்துல வராது மேடம். மனுஷன் பேசறதே அப்படித்தான். ஒரு கேள்வி கேட்டா, பதில் நாளைக்கு வரும். ஒர்க்ஷாப்புல டிராயிங் போடற கட்டம் போட்ட தாள் இருக்கு பாருங்க, அதுல ஒவ்வொரு நோட்டா, ஸ்வரம் மாதிரி, எழுதுவார். அழிப்பார். மறுபடி எழுதுவார். ஒரு நிமிஷத்துக்கு மூணு மாசம். ஒரு தடவை அந்த மாதிரி எழுதி வச்சு வாசிச்சதை குரூப்ல போட்டுட்டார். கேட்டாலே தெரியும், அவ்வளவு ஒழுங்கா இருந்துச்சு. நான் கீழே போட்டேன், 'அருமை, இது ஜாஸா, பரீட்சையா?' டெரன்ஸ் சிரிக்கிற பொம்மை போட்டார். நான் இன்னும் நாலு போட்டேன். கேலிதான், எங்களுக்குள்ள எப்பவும் நடக்கிறதுதான்.

அதுக்கப்புறம் அவர் குரூப்ல எதையும் போடலை. மத்தவங்க போட்டா கட்டைவிரல் காட்டுவார், அவ்வளவுதான். ஆனா எனக்குத் தனியா அனுப்ப ஆரம்பிச்சார். காலையில ஷிப்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, அஞ்சரை ஆறு மணிக்கு ஒரு ரெக்கார்டிங் வரும், அவர் எழுதிக்கிட்டிருந்த ஒரு சுத்தோடது. கடைசியில அவர் குரல், 'சரியா இருக்கா சார்?' அவ்வளவுதான். என்கிட்ட எதுக்கு அனுப்பறீங்கன்னு கேட்டேன். 'நீங்கதான் சார் உள்ளதைச் சொல்வீங்க'ன்னார்.

நானும் சொன்னேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல யோசனையெல்லாம் குடுத்திருக்கேன். நடுவுல ரெண்டு நோட்டை மாத்தச் சொன்னதே நான்தான். அதனால அந்தச் சுத்துல எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்குன்னு ஒரு பக்கம் தோணும். ரெண்டு நோட்டு. மொத்தம் எத்தனைன்னு நான் எண்ணலை.

டீயைக் குடிங்க, ஆறிடும்.

அந்த முடிவு இருக்கு பாருங்க, நீங்க வாயால பாடிக் காட்டினீங்களே இப்ப வாசல்ல, ஒரே நோட்டு திரும்பத் திரும்ப வந்து, வேகம் குறைஞ்சு குறைஞ்சு, அப்படியே இறங்கி நிக்குமே, அது அவர் ஒர்க்ஷாப்பு மேடம். அவரே சொன்னார். 'சங்கு ஊதினதும் லேத்தெல்லாம் ஒண்ணொண்ணா நிறுத்துவாங்க சார். எல்லாம் நின்னப்புறம் எங்கேயோ ஒண்ணு மட்டும் சுத்திக்கிட்டு இருக்கும். அது நிக்கிற வரைக்கும் நான் நின்னு கேட்டுட்டுத்தான் கைகழுவப் போவேன்'னார். முப்பது வருஷமா கேக்கறாராம். இதை அவர் என்கிட்ட சொன்னப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. சிலிர்த்த கையோட ஒரு எரிச்சலும் வந்துச்சு. இருக்கிறதைச் சொல்லிடறேன்.

அப்பத்தான் பூங்காவுல வாசிக்கக் கூப்பிட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலையில வாக்கிங் வர்றவங்களுக்காக மேடை போட்டு ஒவ்வொரு வாரமும் யாரையாவது வாசிக்க விடுவாங்க. எங்க நாலு பேருக்கும் அதுதான் முதல் மேடை. டெரன்ஸ் போட்ட மெதுவான டியூன் ஒண்ணு, ஆளுக்கு ஒரு சுத்து. அந்தச் சுத்தை அருமை அதுக்குத்தான் தயார் பண்ணிக்கிட்டிருந்தார். 'லில்லி இதுவரைக்கும் நான் வாசிச்சுக் கேட்டதில்லை சார்'னார். லில்லிபுஷ்பம், அவர் சம்சாரம். எலெக்ட்ரிக் கிடார் இல்லையா, வீட்ல கதவைச் சாத்திக்கிட்டு ஹெட்போன் மாட்டித்தான் வாசிப்பாராம், அதனால அந்தம்மாவுக்கு டொக்கு டொக்குன்னு கம்பி சத்தம் மட்டும்தான் கேக்கும். 'ராத்திரியெல்லாம் என்னத்தைத்தான் கொத்திக்கிட்டிருக்கீங்க'ன்னு கேப்பாங்களாம். அன்னைக்குக் காட்டிடணும்னு இருந்தார். ஒர்க்ஷாப்புல கூட வேலை பாக்கறவங்களையும் கூப்பிட்டார். ரெண்டு ஷேர் ஆட்டோவுல பதினோரு பேர் வந்து இறங்கினாங்க. மனுஷன் புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்திருந்தார், காலர்ல அட்டை கூட எடுக்கலை. நான்தான் எடுத்து விட்டேன்.

டியூன் ஆரம்பிச்சோம். நல்லாத்தான் போச்சு. முதல் சுத்து என்னோடது. கண்ணை மூடினேன். ஒண்ணுமே வரலை மேடம். வெறும் இருட்டு. அப்ப என் கை தானாப் போயிடுச்சு. அருமையோட சுத்துக்குப் போயிடுச்சு. நான் நினைக்கலை, கையே போயிடுச்சு. தினம் காலையில கேட்டுக் கேட்டு மனசுல பதிஞ்சிருக்கும் இல்ல? வாசிக்கிறவங்களுக்கு இதெல்லாம் நடக்கிறதுதான்.

அப்படித்தான் ரெண்டு மாசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன்.

கேட்டது மட்டும் இல்லை. வாசிச்சும் பாத்திருந்தேன். கடையில ஆள் இல்லாதப்ப, அந்தச் செவுத்துல கிடார் மாட்டியிருக்கே, அதை எடுத்து. அவர் வாசிச்சதை எப்படிச் சரி பண்ணலாம்னு யோசனை சொல்லணும்னா வாசிச்சுப் பாத்தாத்தானே முடியும்? ஒரு அஞ்சாறு தடவை. முப்பது நாப்பது தடவை இருக்கும். கடைசி வாரம் அதைத் தவிர நான் வேற எதையும் வாசிக்கலை.

என்ன பாக்கறீங்க?

சரி, அதையும் சொல்லிடறேன். முதல் சுத்து என்னோடது இல்லை. பேசி வச்சிருந்தது அருமைதான் முதல்ல, நான் ரெண்டாவது. ரெண்டு நாளைக்கு முன்னாடி நான் டெரன்ஸுக்குப் போன் பண்ணேன். 'அருமைக்கு மேடைன்னா பயம், முதல்ல தள்ளி விட்டா நடுங்கிடுவார், பாவம். நான் முதல்ல போறேன்'னேன். அருமைக்கும் போன் பண்ணிச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'ரொம்ப நன்றி சார், அதை எப்படிக் கேக்கறதுன்னு எனக்கே தெரியாம இருந்துச்சு'ன்னார். அந்தக் குரல் இருக்கே மேடம், அது எனக்கு இன்னும் காதுல கேக்குது.

ஏன் பண்ணேன்? பொறாமை. வேற என்ன சொல்றது. அதுக்கு முந்தின மாசம் ஷாஹிதா பேச்சுவாக்குல கேட்டுட்டாங்க, 'மூர்த்தி, டியூன் மாறுது, நீங்க மட்டும் ஒண்ணையேதான் வாசிக்கிறீங்க போலிருக்கே'ன்னு. பல் டாக்டர் இல்லையா, எங்க வலிக்கும்னு தெரிஞ்சிருக்கு. வீட்டுக்குப் போய் என்னோட பழைய ரெக்கார்டிங்கையெல்லாம் போட்டுக் கேட்டேன். ஆமா. ஒண்ணேதான். மனசுக்கு அப்பப்ப வர்றதை வாசிக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு, வருஷக்கணக்கா வந்ததையே வாசிச்சிருக்கேன். இந்தப் பக்கம் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி எழுதறவர், புதுசா ஒண்ணைப் பண்ணி வச்சிருக்கார். அதை என்கிட்டயே அனுப்பி சரியா இருக்கான்னு வேற கேக்கறார்.

வாசிச்சு முடிச்சேன். லேத் நிக்கிற மாதிரி அப்படியே இறக்கி நிறுத்தினேன். அந்தப் பூங்காவுல வாக்கிங் போறவங்க கூட நின்னுட்டாங்க. அப்புறம் கை தட்டினாங்க பாருங்க, நீங்கதான் வீடியோவுல பாத்திருப்பீங்களே.

அடுத்த சுத்து அருமை.

வீடியோவுல அதையும் பாத்திருப்பீங்க, ஆனா கவனிச்சிருக்க மாட்டீங்க. அவர் முறை வந்ததும் ஒரு நோட்டு கூட வாசிக்கலை. கார்டு மட்டும் போட்டார். அடுத்தவங்க வாசிக்கிறப்ப பின்னால போடுவோமே, அதை. முழுச் சுத்தும். முன்னால வாசிக்க யாரும் இல்லை, அவர் பின்னணி மட்டும் போட்டுக்கிட்டிருக்கார். டெரன்ஸ் மறந்துட்டார்னு நினைச்சு, வாசிங்க வாசிங்கன்னு தலையாட்டினார். அருமை குனிஞ்சுக்கிட்டு ஒரு தாளம் பிசகாம போட்டு முடிச்சார். ஜனங்களுக்கு அதுவும் ஒரு முறைன்னு தோணியிருக்கும், கொஞ்சம் பேர் தட்டினாங்க. ஒர்க்ஷாப்பு ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அந்தம்மா மடியில இருந்த பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எனக்கு எல்லாம் தெரிஞ்சுச்சு. மத்தவங்க கண்ணைப் பாத்தே பொழைக்கிறவன் நான்.

அவர் வேற என்ன பண்ணியிருக்க முடியும், சொல்லுங்க? அதையே வாசிச்சா, இப்பத்தான் மூர்த்தி வாசிச்சதைத் திருப்பி வாசிக்கிறார்னு சொல்வாங்க. புதுசா அந்த நேரத்துல வாசிக்க அவருக்கு வராது. அவர்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்.

மேடையை விட்டு இறங்கினதும் நான் அவர் பக்கத்துல போனேன். என்னமோ சொல்லணும்னு வாயெடுத்தேன். அவர் முந்திக்கிட்டு, 'நல்லா இருந்துச்சு சார். நான் வாசிச்சிருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காது'ன்னார். குத்திக் காட்டினாரான்னா, இல்லை. அது அவருக்குத் தெரியாது. நிஜமாவே சொன்னார். அப்பத்தான் ஷாஹிதாவோட வீட்டுக்காரர் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே வந்து, 'அந்த முடிவு எப்படி சார் வந்துச்சு?'ன்னு கேட்டார். அருமை என் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தார். நான் லென்ஸ் மெஷின்னு சொல்லிட்டேன். சுத்தைத்தான் எடுத்தேன், அந்தக் கதையையாவது விட்டு வச்சிருக்கலாம். அருமை கிடாரைப் பைக்குள்ள வச்சு ஜிப்பை மெதுவா இழுத்துக்கிட்டிருந்தார்.

இன்னைக்கு வரைக்கும் அவர் அதைப் பத்தி எதுவும் சொல்லலை. குரூப்பை விட்டும் போகலை. நான் போடறதுக்கெல்லாம் கட்டைவிரல் காட்டறார். சண்டை போட்டிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். காலையில அஞ்சரை மணிக்கு மட்டும் எதுவும் வர்றதில்லை. எனக்கு அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துடுது.

வீடியோவை நிறையப் பேர் பாத்துட்டாங்க. வேற ஊர் கிடார் குரூப்லேர்ந்தெல்லாம் அதைக் கேட்டு எழுதி வாசிச்சுப் போடறாங்க. 'மூர்த்தி சுத்து'ன்னே பேர் வச்சுட்டாங்க. ஒவ்வொண்ணும் எங்க குரூப்புக்கும் வரும். ஒவ்வொண்ணுக்கும் அருமை கட்டைவிரல் காட்டுவார்.

போன மாசம் அருமையோட சம்சாரம் இங்க வந்தாங்க, படிக்கிற கண்ணாடி மாத்த. நீங்க உக்காந்திருக்கிற இதே நாற்காலி. 'உங்க வாசிப்பு இன்னும் காதுக்குள்ளேயே இருக்கு சார்'னாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு, 'இவர் இப்பல்லாம் ஹெட்போன் போடறதில்லை சார். உங்களுதைத்தான் வீட்ல வாசிச்சுக்கிட்டே இருக்கார். அப்படியே வாசிக்கிறார், ஆனா உங்க மாதிரி வரலை. இந்த வயசுல அடுத்தவங்களைப் பாத்துக் காப்பி அடிக்கிறாரேன்னு எனக்கே வெக்கமா இருக்கு. ஒர்க்ஷாப்புலயும் கேலி பண்றாங்களாம். நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்'னாங்க.

நான் சொல்லிக் குடுக்கணுமாம்.

அப்பவே சொல்லியிருப்பேன் மேடம். கடையில ஆள் இருந்துச்சு. ஒருத்தர்தான். அவரும் கண்ணுல சொட்டு மருந்து விட்டு மூடிக்கிட்டு உக்காந்திருந்தார். அந்தம்மாவுக்குக் கடையிலேயே நல்ல ஃபிரேமா எடுத்துப் போட்டுக் குடுத்தேன். அவங்க முகத்துக்கு எடுப்பா இருந்துச்சு. வேற என்ன செய்யறதுன்னு எனக்கு அப்பத் தெரியலை. அவங்க படியிறங்கிப் போனப்புறம் நான் கண் டெஸ்ட் ரூமுக்குள்ள போய் லைட்டை அணைச்சுட்டு உக்காந்தேன். அழுதேன். எனக்காகத்தான் அழுதேன்னு நினைக்கிறேன்.

இப்ப நீங்க வந்து கோயம்புத்தூர்ல அந்தச் சுத்தை வாசிக்கணும்னு கேக்கறீங்க.

நான் வாசிக்க மாட்டேன். அருமையைக் கூப்பிடுங்க. பொன்மலையில வீடு, நான் வழி சொல்றேன். ஆனா நீங்க போய்க் கேட்டா, அது மூர்த்தி சார் வாசிச்சதுன்னு சொல்லி அனுப்பிடுவார். அவர் சொல்லவே மாட்டார். சொன்னாலும் ஊர் நம்பாது, அந்தம்மாவே நம்ப மாட்டாங்க. என் வாயால சொன்னா நம்புவாங்களான்னா, அதுவும் தெரியலை. பெருந்தன்மையா விட்டுக் குடுக்கறேன்னு அதுக்கும் கை தட்டுவாங்க.

சாட்சியா? இருக்கு. அழிக்கலை. இதோ இந்தப் போன்லதான் இருக்கு, பதினாலு ரெக்கார்டிங், தேதி நேரத்தோட. கடைசியா அனுப்பினது பூங்காவுக்கு ஆறு நாளைக்கு முன்னாடி. முழுச் சுத்தும் இருக்கு. இதை குரூப்ல போட்டா ஒரு நிமிஷத்துல எல்லாம் வெளிச்சமாயிடும். எத்தனையோ தடவை விரலை அது மேல வச்சிருக்கேன். கேக்கறீங்களா? போடறேன், பக்கத்துல வாங்க.

கேளுங்க. இங்கதான் அந்த ரெண்டு நோட்டு. இதோ, இப்ப இறங்கும் பாருங்க... சுத்துது... சுத்துது... நின்னுடுச்சு. என்னோடதை விட நல்லா இருக்கு இல்ல? நான் அன்னைக்கு அவசரப்பட்டு நிறுத்திட்டேன். இவர் அது தானா நிக்கிற வரைக்கும் விட்டிருக்கார்.

இருங்க, இன்னும் முடியலை. அவர் குரல் வரும்.

'சரியா இருக்கா சார்? வேற யாருக்கும் அனுப்பிராதீங்க. உங்க காதோட இருக்கட்டும்.'

கேட்டீங்க இல்ல? உங்க காதோட இருக்கட்டும்ங்கறார். அந்த வார்த்தையை நான் காப்பாத்தியிருக்கேன் மேடம். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் இதை அனுப்பினதில்லை.

என்னது? உங்களுக்கு அனுப்பணுமா? இப்பவேவா? நீங்களே அந்தம்மாகிட்ட கொண்டு போய்க் காட்டறீங்களா?

அனுப்பறேன். கண்டிப்பா அனுப்பறேன். நம்பரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன். முதல்ல அருமைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன். இல்ல மேடம், கோவிச்சுக்காதீங்க, உக்காருங்க. அவர்கிட்ட கேக்காம நான் எப்படிங்க அனுப்பறது? அது அவரோடது இல்லையா?